வெண்கலக் கவசம் இல்லாத ஊர்

"வெண்கலத்தை முடிக்காம இரும்புக்குப் போவ முடியாதுல்லா." வால்ஹைம் ஆடும் திசையன்விளைப் பயல்களுக்கு இது பால பாடம். 2021இல் வந்த ஸ்வீடன் நாட்டு விளையாட்டு அது. அதில் இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். ஐந்து வெண்கலமும் இரண்டு மான்தோலும் இருந்தால் மார்க்கவசம். தலைக்கும் காலுக்கும் அதே கணக்குதான்.

கல், வெண்கலம், இரும்பு என்ற இந்த ஏணியைப் போட்டவர் டென்மார்க்கின் தாம்சன். கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பொருட்களை அவர் அப்படித்தான் அடுக்கினார். அதை விளக்கும் கையேடு 1836இல் வந்தது. ஐரோப்பிய மண்ணுக்கு அது பொருந்தும். கிரேக்கத்தின் டெண்ட்ராவில் 3,400 ஆண்டுப் பழைய வெண்கலக் கவசமே முழுசாகக் கிடைத்திருக்கிறது.

நம்ம பக்கம் கதை வேறு. திசையன்விளையை ஒட்டிய இடையன்குடித் தேரியில் கிடைப்பவை நுண்கற்கருவிகள். அங்கிருந்து நேர் வடக்கே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். ஆற்றின் பேரிலேயே தாமிரம் இருக்கு. ஆனால் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டியெடுத்த வாளும் வேலும் அம்புமுனையும் இரும்பு. வெண்கலம் வேறு வேலை பார்த்தது: கிண்ணங்கள், சல்லடைகள், எருமையும் ஆடும் பறவையும் நிற்கும் மூடிகள். தெற்கே வெண்கலக் காலம் என்று தனியாக ஒரு படி கிடையாது. கல்லுக்குப் பிறகு இரும்பு.

அப்போ நாம ஒரு வகுப்பைத் தவறவிட்டோமா? இல்லை. ஆதிச்சநல்லூர்ப் பாண்டங்கள் சிலவற்றில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் என்று சாரதா சீனிவாசனின் ஆய்வு காட்டுகிறது. அவ்வளவு ஈயம் சேர்ந்ததைக் குளிர்ந்த நிலையில் தட்டினால் விரிசல் விடும். செஞ்சூட்டில் மெல்லிசாக அடித்து, சூடு தணியுமுன் தண்ணீரில் முக்கணும். அந்த வெள்ளீயமும் தமிழ்நாட்டு மண்ணில் விளைவதல்ல, தூரத்திலிருந்து வந்தாகணும். இரும்பையும் வெண்கலத்தையும் ஒரே காலத்தில் கையாண்டவர்கள், எதற்கு எது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டின் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் கிடைப்பது கண்ணாடிபோல நொறுங்கும் உலோகம். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி ஏறக்குறைய அந்தக் கலவைதான். முகம் பார்க்கலாம், போருக்குப் போட்டுப் போனால் ஒரே அடியில் சில்லு சில்லாகும்.

ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புக்கு, கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை போகும் காலக்கணிப்பைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதன்மேல் விவாதம் நடக்கட்டும். ஆனால் தாம்சனின் ஏணியில் நடுப்படியைக் காணோம் என்பதற்காகப் பொருநைக்காரர்களைப் பின்தங்கியவர்கள் என்று சொல்ல முடியாது. ஏணி அவர்களுக்காகச் செய்ததே இல்லை.