டெவஸ்டேஷன் (போர்க்கப்பல்)

டெவஸ்டேஷன், பாய்மரமே இல்லாமல் நீராவியை மட்டும் நம்பி ஆழ்கடலுக்குப் போகக் கட்டப்பட்ட முதல் பெரிய இரும்புக்கவசப் போர்க்கப்பல். பிரிட்டிஷ் கடற்படைக்காக எட்வர்ட் ரீட் வடிவமைத்தது. போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் 1869 நவம்பரில் வேலை தொடங்கியது. 1871 ஜூலையில் நீரில் இறக்கி, 1873இல் முடித்தார்கள்.

பாயில்லாக் கவசக் கப்பல் அதற்கு முன்பும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 மார்ச்சில் சண்டையிட்ட மானிட்டர் அப்படிப்பட்டதுதான். ஆனால் அது கரையை ஒட்டியே ஓடத் தக்கது. அவ்வாண்டின் கடைசி நாளன்று ஹட்டராஸ் முனை அருகே, வேறொரு கப்பல் இழுத்துக்கொண்டு போகும்போதே மூழ்கிவிட்டது. பம்பாய்த் துறைமுகக் காவலுக்கென 1870இல் நீரில் இறங்கிய மக்தலாவும் கரைக்காவல் ரகமே.

பாயைக் கைவிடக் கடற்படை தயங்கியதில் நியாயம் இருந்தது. அன்றைய எந்திரங்கள் நிலக்கரியை வாரி விழுங்கின. நடுக்கடலில் கரி தீர்ந்தால் காற்றுதான் கதி. ஆனால் பீரங்கியைச் சுழல்கோபுரத்தில் வைத்தால், பாய்மரமும் அதை இழுத்துக் கட்டிய வடங்களும் குறிக்குக் குறுக்கே நிற்கும். கௌப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரி பாயையும் சுழல்கோபுரத்தையும் ஒரே கப்பலில் சேர்த்துப் பார்த்தார். 'கேப்டன்' என்ற அந்தக் கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மேல் ஆறரை அடிதான். 1870 செப்டம்பர் 7 அதிகாலை, ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால், பாயில் புயற்காற்று அறைந்து சாய்ந்த கப்பல் நிமிரவே இல்லை. கோல்ஸ் உட்பட ஏறத்தாழ 480 பேர் மாண்டனர், பிழைத்தவர் 18.

பழி தாழ்ந்த தளத்தின் மேல் விழுந்தது. டெவஸ்டேஷனின் தளமும் தாழ்வு என்பதால் அதுவும் கவிழும் என்று பலர் அஞ்சினார்கள். காற்று பிடித்துச் சாய்க்க அதில் பாயே இல்லை என்பது அந்தப் பயத்தில் மறந்துபோயிற்று. டஃபரின் பிரபு தலைமையில் ஒரு குழு வடிவமைப்பைத் துருவிப் பார்த்தது; பக்கவாட்டில் மேற்கட்டு சேர்த்தார்கள். 1873இல் அயர்லாந்துக்கு அப்பால் நடந்த வெள்ளோட்டத்தில் அலை முன்தளத்தை மூடிக்கொண்டு போயிற்று, கப்பல் உறுதியாகவே மிதந்தது.

இரு கோபுரங்களில் நான்கு பீரங்கிகள், ஒவ்வொன்றும் 35 டன். ஒரு எந்திரம் நின்றாலும் ஓடும்படி இரட்டைச் சுழலிகள். 1,800 டன் வரை கரி கொள்ளும். நடுவில் நின்ற ஒற்றைக் கம்பம் சைகை காட்டவும் படகு தூக்கவும்தான்.

பீரங்கிக்கு வாய்வழியாக மருந்திடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. தங்கைக் கப்பலான தண்டரரில், 1879 ஜனவரி 2 அன்று, மர்மரா கடலில் பயிற்சியின்போது ஒரு பீரங்கி வெடிக்கவில்லை. கூட இருந்த பீரங்கியின் முழக்கத்தில் அதை யாரும் கவனிக்காமல் அதிலேயே மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றினார்கள். அடுத்த முறை சுட்டபோது குழலே சிதறி 11 பேர் இறந்தனர். பின்புறமாகக் குண்டேற்றும் பீரங்கிக்குக் கடற்படை திரும்பியதில் இந்த விபத்துக்கும் பங்குண்டு.

1908இல் டெவஸ்டேஷன் உடைக்க விற்கப்பட்டது. 'இங்கிலாண்ட்ஸ் குளோரி' தீப்பெட்டியின் மேல் அதன் படம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அச்சாகிக்கொண்டிருந்தது.