வாட்டர் ஹீட்டர்: எத்தனை கிலோவாட் போதும்?

குளியலறைக்கு வாட்டர் ஹீட்டர் வாங்குவோர் பலரும் விலையைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கிலோவாட் அளவு. அடுத்தது வீட்டு வயரிங்.

மலேசிய வீடுகளில் சுவரில் மாட்டும், தொட்டி இல்லாத ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். நிமிடத்துக்கு 3 லிட்டர் நீர் ஓடினால், வெப்பத்தைச் சுமார் 17 டிகிரி உயர்த்தும். குழாய் நீர் 27 டிகிரி என்றால் 44 டிகிரி கிடைக்கும், குளிக்கத் தாராளம். கேமரன் மலையில் நீர் 20 டிகிரியாக இருந்தால் 37தான் வரும். அங்கே குழாயைக் குறைத்துத் திறக்க வேண்டும்.

இரண்டு குளியலறைக்கு ஒரே ஹீட்டர் என்றால் தொட்டி வகை பொருந்தும். 30 லிட்டர் நீரை 27-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, 3 கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் 23 நிமிடம் ஆகும்.

3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதை 13 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. தனி வயரும் 20 ஆம்பியர் சுவிட்சும் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உயிர் காப்பது 10 மில்லிஆம்பியர் ஆர்சிடி. பழைய தோட்ட வீடுகளில் எர்த் வயர் சரியாக இருக்கிறதா எனத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் சோதித்த பிறகே ஹீட்டரை வாங்குவது நல்லது.