ஹொண்டாவின் வெந்நீர்ப் பாத்திரமும் எங்கட மண்ணெண்ணெயும்

ஹொண்டா கம்பனியின் கதை எங்கே சொல்லப்பட்டாலும் அதில் ஒரு வெந்நீர்ப் பாத்திரம் வரும். 1946ஆம் ஆண்டு, யப்பானின் ஹமாமட்சு நகரம். போர் முடிந்து ஒரு வருடம்தான். பஸ், ரயில் எல்லாம் நிரம்பி வழிகின்றன. இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டு, போர் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்த சின்ன எஞ்சின்கள் சொய்சிரோ ஹொண்டாவின் கண்ணில் படுகின்றன. அதில் ஒன்றைச் சைக்கிளில் பூட்டுகிறார். எண்ணெய்த் தாங்கிக்கு, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கிற வீட்டுப் பாத்திரம். இப்படி ஏறக்குறைய 500 எஞ்சின்கள் விற்றன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் பாத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்குள் என்ன ஊற்றினார்கள், அது எரிந்து எஞ்சினுக்குள் என்ன மிச்சம் வைத்தது என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியம்.

அப்போது யப்பானில் பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது, மிச்சம் கறுப்புச் சந்தையில். ஹொண்டா பைன் மரத்திலிருந்து எண்ணெய் எடுத்து, கிடைத்த பெற்றோலோடு கலந்தார். பெயின்ற் கரைக்கப் பயன்படுகிற டர்பன்டைன் வகையறா அது. எரிந்தால் வாசமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த வாசத்தில் ஒரு நன்மையும் இருந்தது: கறுப்புச் சந்தைப் பெற்றோலா என்று யாரும் கேட்டால், இது பைன் எண்ணெய் என்று சொல்லிவிடலாம். இலகுவில் தீப்பிடிக்காத எரிபொருள் என்றபடியால் எஞ்சின் உயிர்பெறும் வரை நீண்டநேரம் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்துப் பார்த்தவர்களில் ஹொண்டாவின் மனைவி சச்சியும் ஒருவர். ஊருக்குள் ஓடிவிட்டு வந்தவர், நல்ல உடுப்பெல்லாம் எண்ணெயாகிவிட்டது, இதை விற்றால் வாங்கினவன் ஏசுவான் என்று சொன்னாராம். முதலில் அலட்டிக்கொள்ளாத ஹொண்டா, பிறகு அதைத் திருத்தினார். உடுப்பில் பட்ட எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். உள்ளே சேர்வது தெரியாது.

ரூ ஸ்ரோக் எஞ்சினின் சங்கதியே அதுதான். மற்ற எஞ்சின்களில் எண்ணெய் கீழே ஒரு தொட்டியில் தனியாக இருக்கும். ரூ ஸ்ரோக்கில் அப்படி இல்லை, எரிபொருளோடு எண்ணெயையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கில் பதினாறு, இருபது, இருபத்தைந்து பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். எண்ணெய் உள்ளே போய், தேய்கிற இடங்களை நனைத்துவிட்டு, தானும் எரிகிறது. அரைகுறையாகத்தான் எரியும். மிச்சம் கரி. பிஸ்ரனின் தலையில், சிலிண்டர் ஹெட்டின் உட்பக்கத்தில், எல்லாவற்றையும்விட மோசமாக, புகை வெளியேறுகிற துவாரத்திலும் சைலன்சரிலும் போய்ப் பிடிக்கும். 50 சிசி எஞ்சினில் அந்தத் துவாரம் எவ்வளவு பெரிசு? விரல் நுனிகூடச் சரியாகப் போகாது. அதில் இரண்டு மில்லிமீற்றர் கரி படிந்தால் மூச்சடைப்புத்தான்.

இந்த நோய் ஒரே நாளில் வராது. நேற்று ஏறின ஏற்றத்தில் இன்றைக்குக் கொஞ்சம் மிதித்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். காற்று எதிர்க்காற்று என்று நினைப்போம். பிறகு சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்க வேண்டிய எஞ்சின் ஒன்றுவிட்டு ஒன்று வெடிக்கும். சத்தம் நொண்டுகிற மாதிரிக் கேட்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு முனைக்கும் நடுவில் தலைமயிர் அளவில் ஒரு கரித்துணுக்குப் பாலம் போட்டிருக்கும். சிலவேளை பொறியை நிறுத்தின பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே செந்தணலாகிற கரியே நெருப்புக் கொடுப்பதால். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கப் பழைய ஆட்கள் செய்வது ஒன்றுதான்: சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒருக்கா ஓட்டிப் பார்ப்பது. காது கிழியும், ஆனால் பலம் திரும்பி வந்தால் குற்றவாளி சைலன்சர். வராவிட்டால் துவாரம்.

சுத்தம் செய்வதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கிறீஸ் பூச வேண்டும். சுரண்டும்போது உதிர்கிற கரி சுவரோரம் இறங்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்ரன் அலுமினியம் என்றபடியால் ஸ்குறூ ட்ரைவர் ஆகாது. கூராக்கின வைரத்தடி, இல்லாவிட்டால் பித்தளைத் தகடு. கீறல் விழுந்தால் அடுத்த கரி அதில்தான் முதலில் பிடிக்கும். சிலிண்டரைத் தூக்கினால் கீழே திறந்திருக்கிற வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. சிலிண்டரைக் கையில் வைத்துத் துவாரத்தைச் சுரண்டலாம். பிஸ்ரன் வளையங்கள் இருக்கிற பள்ளங்களுக்கு, உடைந்த பழைய வளையத்தின் துண்டைவிடச் சிறந்த கருவி இல்லை, அளவெடுத்துச் செய்தமாதிரிப் பொருந்தும். இரும்புச் சைலன்சரைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார்கள், அல்லது நெருப்பில் போட்டு எரிப்பார்கள். அதே சோடாத் தண்ணீரில் அலுமினியத்தை மட்டும் போட்டுவிடக் கூடாது, அலுமினியத்தையே தின்றுவிடும்.

யப்பானில் மட்டும் நடந்த கதையில்லை இது. அதே 1946இல் பிரான்சில் வெலோசொலெக்ஸ் விற்பனைக்கு வருகிறது, முன்சில்லுக்கு மேலே எஞ்சின். 1950இல் இங்கிலாந்தில் சைக்கிள்மாஸ்ரர், பின்சில்லுக்குள்ளேயே 25.7 சிசி. போரால் களைத்துப்போன ஊர்களுக்கெல்லாம் ஒரே மருந்து, ஒரே பக்கவிளைவு.

1952இல் ஹொண்டா கப் எஃப் என்ற எஞ்சினை விடுகிறது. வெள்ளைத் தாங்கி, சிவப்பு எஞ்சின், 50 சிசி, ஒரு குதிரைவலு. விற்பனையைப் பார்த்துக்கொண்ட தக்கேயோ புஜிசாவா மோட்டார் சைக்கிள் வியாபாரிகளை நம்பவில்லை. நாடு முழுக்க இருந்த ஏறக்குறைய 50,000 சைக்கிள் கடைகளுக்கு நேராகக் கடிதம் போட்டார். ஆயிரக்கணக்கான கடைகள் சேர்ந்தன. வணிகம் படிக்கிறவர்கள் இதை விளம்பரத் தந்திரம் என்று படிக்கிறார்கள். எங்களுக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. ஆயிரம், இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை திறந்து சுரண்ட வேண்டிய ஒரு சாமானை விற்கிறவனுக்கு, திறக்கத் தெரிந்த கை ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். ரியூப் ஒட்டின கைகள்தான் அதைச் செய்தன. அந்தக் கைகளின் பெயர் எந்தக் கம்பனி வரலாற்றிலும் இல்லை.

ரூ ஸ்ரோக்கைச் சொய்சிரோ ஹொண்டா பெரிதாக விரும்பியதில்லை. 1958இல் வந்த சுப்பர் கப்பில் எண்ணெய் தனி, எரிபொருள் தனி, ஃபோர் ஸ்ரோக். கரித் தொல்லை பெருமளவு குறைந்தது. 2017 ஆகும்போது அந்தக் குடும்பத்தில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. அந்தக் குடும்பத்தில் சிலதை எங்களுக்கும் தெரியும்: யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடின சி 50, சி 70, சி 90. யப்பானில் தபால் கொண்டுபோகவென்று செய்யப்பட்டு, வன்னியின் அடையாளமாகிப்போன எம்டி 90.

இனித்தான் கதை திரும்புகிறது. 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல் போவது தடுக்கப்பட்டது. 2022இன் வரிசையையும் கியூஆர் கோட்டையும் பார்த்த எங்களுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டம். வரிசையாவது எங்கோ ஒரு பெற்றோல் செட்டில் முடியும். அப்போது வரிசைக்கே இடமில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் தங்கம் மாதிரி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு விட்டு எஞ்சினை எழுப்புவது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான். ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளையும் முற்றத்தில் நின்ற ஹொண்டாவும் ஒரே கானைப் பங்குபோட்டார்கள்.

மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினுக்குள் அது முழுதாக எரியாமல் புகைந்து, கரியாகிப் பிளக்கிலும் ஹெட்டிலும் படியும். எரியாமல் மிஞ்சினது கீழே வடிந்து எண்ணெயைத் தண்ணியாக்கும். கரித் தொல்லையைக் குறைத்த ஹொண்டாவின் ஃபோர் ஸ்ரோக் வழி, முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, இன்னொரு முற்றுகையில், இன்னொரு ஊரில், திரும்பவும் கரிக்குள்ளேயே வந்து நின்றது. வெந்நீர்ப் பாத்திரத்தில் டர்பன்டைன் ஊற்றின மனிதனுக்கு இந்தப் புகை வாசம் புதிதாக இருந்திருக்காது.

ஹொண்டாவின் 1946 ஒரு நூதனசாலையில் இருக்கிறது, படத்தோடு. எங்கட 1990களின் கராஜ்களைப் பற்றி யாராவது எழுதினால் நல்லது. உங்கட வீட்டிலும் அந்த ஹொண்டாவை மிதித்த ஒருவர் இருப்பார். எத்தனை சொட்டுப் பெற்றோல் விட்டார், எங்கே விட்டார், பிளக்கை நாளுக்கு எத்தனை தரம் கழற்றினார், எதால் சுரண்டினார் என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.