கிடங்கிலைத் தேடிய கதை

திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் சிறுபாணாற்றுப்படைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர் என்பர் அறிஞர். ஏட்டிலிருந்த அந்நூல், 1889-இல் உ.வே.சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பில் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறிற்று. நூலகத்தில் அவ்வுரையோடு மல்லுக்கட்டி, ஓரடிக்கு ஒரு பொழுதைச் செலவிட்டவர்கள் நாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்தது. ஏடு புரட்டும் வேலை ஒழிந்தது. தேடினால் போதும் என்றாயிற்று.

விழுப்புரம் சந்திப்பில் வண்டி தாமதமான ஒரு மாலை, கைப்பேசியில் மூலத்தைத் திறந்து ‘கிடங்கில்’ என்று தேடினோம். ஒன்றுமே அகப்படவில்லை. நம்மூர்ப் பெருமை வெறுங்கதைதானோ என்று ஐயம் வந்துவிட்டது. வேறு வழியின்றி 269 அடிகளையும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம். பாதி தாண்டியபின் ‘கிடங்கிற் கோமான்’ என்று நின்றது! ககரத்தின் முன் லகரம் றகரமாகத் திரிந்ததைத் தேடுபொறி அறியவில்லை. (புணர்ச்சி இலக்கணத்தைப் பள்ளியில் எவ்வளவு வைதிருப்போம்!)

தேடியது உடனே கிட்டியிருந்தால், அவ்வோரடியோடு மூடி வைத்திருப்போம். எயிற்பட்டினத்துச் சுட்ட மீனும் ஆமூரின் நண்டுக் கலவையும் அன்று நம் கண்ணில் பட்டிரா. வண்டி வந்தபோது நாம் இன்னும் ஆமூரில்தான் இருந்தோம்.