திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் கூலி முறைகளின் வரலாறு

திருப்பூர் பின்னலாடைத் தொழில் 1925ஆம் ஆண்டளவில் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை எந்திரங்கள் பலமுறை மாறியுள்ளன. அவற்றோடு கூலியைக் கணக்கிடும் முறையும் மாறி வந்துள்ளது. ஒரு தொழிலாளி எவ்வளவு பெற்றார் என்பதை அறிய, அது எந்தக் கணக்கில் தரப்பட்டது என்பதையும் அறிய வேண்டும்.

தொடக்க காலம்

முதல் ஐம்பது ஆண்டுகளில் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்களே பெரும்பாலும் தயாராயின. துணி பின்னுதல், வெட்டுதல், தைத்தல், பிசிர் வெட்டுதல், மடித்துக் கட்டுதல் என வேலைகள் பிரிந்திருந்தன. கட்டிங் மாஸ்டரும் டெய்லரும் தொழில் தெரிந்தவர்களாக மதிக்கப்பட்டனர். கைமடி எனப்படும் உதவியாளருக்குக் கூலி குறைவு. உதவியாளராகச் சேர்ந்து, பார்த்துப் பழகி டெய்லர் ஆவதே அன்றைய தொழிற்கல்வி. வாரக் கூலியைச் சனிக்கிழமை தருவது ஊர் வழக்கமாயிற்று.

1984 வேலைநிறுத்தம்

விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்பதே பஞ்சப்படியின் அடிப்படை. பஞ்சப்படி கோரி 1984இல் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு மாதங்களுக்கு மேல் வாரக் கூலி இல்லாமல் குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. முடிவில் பஞ்சப்படி உரிமை கிடைத்தது. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் பேசிப் பொது ஒப்பந்தம் காணும் முறையும் வலுப்பெற்றது.

ஏற்றுமதியும் பீஸ் ரேட்டும்

1970களின் இறுதியில் தொடங்கிய ஏற்றுமதி, 1985இல் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்தது. 2023-24இல் 30,000 கோடியைத் தாண்டியது. ஓவர்லாக், பேட்லாக் போன்ற விசை எந்திரங்கள் பெருகின. வேலை சிறு சிறு யூனிட்டுகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. ஷிப்ட் கூலிக்குப் பக்கத்திலேயே பீஸ் ரேட் பரவியது. எத்தனை உருப்படி தைத்தாரோ அத்தனைக்கே பணம் என்பதே இம்முறை. கை வேகமுள்ளவர் ஆர்டர் நிறைந்த மாதத்தில் ஷிப்ட்காரரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார். ஆர்டர் இல்லாத மாதத்தின் இழப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

தொழிலாளியாகச் சேர்ந்து முதலாளியானவர்களும் திருப்பூரில் பலர் உண்டு. ஆய்வாளர் ஷரத் சாரி இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் உழவுக் குடும்பப் பின்னணியும் உறவினர் உதவியும் இருந்த ஆண்களுக்கே இந்த வழி பெரிதும் திறந்திருந்தது. ஏற்றுமதிக் காலத்தில் பெருமளவில் வேலைக்கு வந்த பெண்கள் செக்கிங், பிசிர் வெட்டுதல் போன்ற குறைந்த கூலிப் பிரிவுகளிலேயே அதிகம் நிறுத்தப்பட்டனர். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976 முதல் இருந்தும், வேலையே வேறு எனப் பிரிக்கப்பட்டதால் பலருக்கு அது பயன்படவில்லை.

ஒன்றரை ஷிப்ட் கணக்கு

திருப்பூரில் ஒரு ஷிப்ட் என்பது 8 மணி நேரம். காலையில் தொடங்கி இரவு வரை 12 மணி நேரம் உழைப்பதை ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பர். கூலியும் பல இடங்களில் ஒன்றரை மடங்காகவே தரப்பட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவோ, நாளில் 9 மணிக்கோ வாரத்தில் 48 மணிக்கோ மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு கூலி என வகுத்தது.

ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய், அதாவது மணிக்கு 60 ரூபாய் என வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மணி வீதம் 6 நாட்களில் 72 மணி நேரம் ஆகும். வழக்கப்படி 9 ஷிப்டுக்கு 4,320 ரூபாய் கிடைக்கும். சட்டப்படி பார்த்தால் 48 மணிக்கு 2,880 ரூபாய். மிகுதி 24 மணிக்கு இருமடங்காக 2,880 ரூபாய். மொத்தம் 5,760 ரூபாய். வித்தியாசம் வாரத்துக்கு 1,440 ரூபாய், அதாவது மூன்று ஷிப்ட் கூலி. ‘ஒன்றரை’ என்ற சொல்லுக்குள்ளேயே இந்த இழப்பு மறைந்துவிடுகிறது.

மாதச் சம்பளப் பணிகள்

1990களுக்குப் பின் கணினி வழி வடிவமைப்பு, கணினி எம்பிராய்டரி, தரக் கட்டுப்பாடு, வெளிநாட்டு வாங்குநருடன் தொடர்புகொள்ளும் மெர்ச்சண்டைசர் பணி ஆகியவை வந்தன. 1997இல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இப்பணிகளில் இருப்போர் பெறுவது மாதச் ‘சம்பளம்’. தையல் வரிசையில் இருப்போர் பெறுவது வாரக் ‘கூலி’. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலேயே உள்ளனர்.

மாணவர் கவனத்துக்கு

மாதச் சம்பளத்தில் சேர்வோருக்கும் மேலே கண்ட கணக்கு பொருந்தும். சம்பளத் தொகையை மட்டும் கேட்டு ஒரு வேலையை எடைபோடக் கூடாது. அது எத்தனை மணி நேர உழைப்புக்கு, வேலை குறையும் மாதத்தில் என்ன கிடைக்கும், விலைவாசியோடு உயருமா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவற்றுள் மூன்றாம் கேள்விக்காகவே 1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைக்குப் போகாமல் இருந்தனர்.