பின் சீட்டில் மூணு பேர்: ஒரு ஹெரால்டு காரின் அதிர்வைத் தேடி

இன்னைக்கு எபிசோட் ஒரு அதிர்வைப் பத்தி. மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டினா தரை வழியா காலுக்கு ஏறும். 45-க்குக் கீழே வந்தா காணாமப் போயிடும். கார், நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஊர், கள்ளக்குறிச்சி.

என் நண்பனோட தாத்தா வாங்கின கார் அது. அவர் போனதுக்கு அப்புறம் பல வருஷம் ஷெட்டிலேயே நின்னுது. திரும்ப ஓட்ட ஆரம்பிச்சதும் இந்த நடுக்கம். ஒரு பட்டறையில் மூணு தடவை வீல் பேலன்ஸ் பண்ணியும் போகலை. வீட்டில் ஒரு மாசக் கெடு வெச்சுட்டாங்க: சரியாகலைன்னா எடைக்குப் போட்டுடலாம். பாட்டிக்கு மட்டும் மனசு வரலை.

இந்தக் காரைப் புரிஞ்சுக்க நாம 1953-க்குப் போகணும். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பிஎம்சி வாங்கிடுச்சு. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர இனி ஆளில்லை. அதனால அடுத்த காருக்குப் பழைய வழிக்கே போனாங்க: கீழே தனி சேசிஸ், மேலே போல்ட் போட்டு மாட்டும் தகடுகள். வடிவம் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961-ல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. நாலு கதவு வகை இந்தியாவில் மட்டும்தான் வந்தது.

அம்பாசடர், ஃபியட் இரண்டிலும் பின்னாடி ஒரே கட்டையான ஆக்சில். ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் சேசிஸோட சேர்த்து போல்ட் போட்டிருக்கும். அதிலிருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாப்ட், பறவையோட இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். இந்த வித்தியாசம்தான் எங்களுக்குத் துப்பு கொடுத்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் கிட்ட போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "வண்டியை எடுங்க தம்பி"ன்னார். சேலம் ரோட்டில் 60-ல் போகும்போது கிளட்சை மிதிக்கச் சொன்னார். இன்ஜின் அடங்குச்சு, அதிர்வு அடங்கலை. அப்போ இன்ஜின் இல்லை. முன் டயரைப் பின்னாடி மாத்தினோம். அதிர்வு இடம் மாறலை. அப்போ டயரும் இல்லை.

அடுத்து பின் சீட்டில் மூணு பேரை ஏத்தினார். அதிர்வு கூடுச்சு! அண்ணன் சிரிச்சார். ஏன்னு யோசிச்சுப் பாருங்க. அம்பாசடரில் பாரம் ஏறினா, கியர்பாக்ஸிலிருந்து பின்னாடி போற நீள ஷாப்ட்டோட கோணம் மாறும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் அசையாது, அதனால அந்தக் கோணமும் மாறாது. மாறுறது அந்த ரெண்டு இறக்கை ஷாப்ட்டும்தான்.

ஜாக்கி போட்டு வலது ஷாப்ட்டைக் கையால் திருகினார். 'டொக்'. ஜாயின்ட்டோட கப்பைச் சுத்தி செங்கல் பொடி மாதிரி துரு. கிரீஸ் காய்ஞ்சு, உள்ளே இருந்த ஊசி பேரிங் தேய்ஞ்சு போயிருக்கு. வருஷக்கணக்கா ஒரே நிலையில் நின்னதோட விளைவு. இதோட கல்வராயன் மலை வளைவில் ஏறி, அங்கே ஜாயின்ட் உடைஞ்சிருந்தா? நினைச்சுப் பார்க்கவே பயமா இருந்தது.

நம்ம பட்டறைகளில் 'கிராஸ்'னு சொல்ற அந்தச் சின்ன சிலுவைக்கு வயசு அதிகம். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இந்த ஜாயின்ட்டைப் பத்தி எழுதியிருக்கார். அதில் ஒரு விசித்திரம் உண்டு. ரெண்டு தண்டும் கோணத்தில் இருந்தா, ஒரு தண்டு சீரா சுத்தினாலும் அடுத்தது ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். ஆரம்பகால கார்கள் பலவும் செயினில்தான் ஓடின. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-ல் காப்புரிமை வாங்கி, 1904-ல் கார்களுக்கு இந்த ஜாயின்ட்டைத் தயாரிக்க ஆரம்பிச்சார்.

ஸ்டாண்டர்டு கார்களின் உற்பத்தி 1980-களின் இறுதியிலேயே நின்னுடுச்சு. ஆனா கிராஸ் ஒரே காருக்குன்னு பிறந்த பொருள் இல்லை, அளவு பொருந்தினா போதும். அண்ணன் வெர்னியரில் அளந்து கொடுத்தார், சேலத்தில் கிடைச்சது. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது பாட்டியை முன்சீட்டில் உட்கார வெச்சு, கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறினோம். காலில் எதுவும் ஏறலை.

இந்த ஆடும் ஷாப்ட் நம்ம ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவ்வளவா பிடிக்கலை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் கம்பெனி அதைக் கைவிட்டு, ஒரே கட்டையான ஆக்சிலுக்கு மாறிடுச்சு. அதனால, மூணு பேரை பின் சீட்டில் ஏத்திப் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க இன்னைக்கு ரொம்பக் குறைவு. உங்க ஊரில் அப்படி ஒரு பட்டறை இருந்தா, ஒரு நாள் போய் உட்கார்ந்து கேளுங்க. எந்த மேனுவலிலும் இல்லாத வரலாறு அவங்க கையில் இருக்கு.