ஆறு ஏடுகளில் ஒரு பாட்டு

நம் இசையரங்கில் பாடுபவர் ஒருவர். வயலின் அவர் சென்ற வழியே செல்லும். மிருதங்கம் அவர் நடைக்குத் தாளம் காட்டும். தம்பூரா சுருதி தந்து நிற்கும். இராகம் ஒன்று, அது செல்லும் வழியும் ஒன்று. இம்மரபிற் பழகிய செவிக்குப் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் வளர்த்த பல்குரல் இசை முதலில் வியப்பையே தரும். அங்கே நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் ஒரே வேளையில் பாடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு. ஒரு குரல் தொடங்கிய தொடரைச் சற்றுப் பின்னர் மற்றொன்று கையேற்கும். ஒன்று ஓய்ந்து மூச்சு வாங்கும்போது இன்னொன்று மேலெழும். தலைமைக் குரலும் இல்லை, துணைக்குரலும் இல்லை. ஆயினும் கேட்போர் செவியில் விழுவது குழப்பம் அன்று, இசைவே.

இவ்விசையை எழுதிவைத்த முறை இன்னும் சிந்திக்கத்தக்கது. எல்லாக் குரல்களையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் வழக்கம் அன்று பரவலாக இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வோர் ஏடு இருந்தது. பாடுபவர் கையில் தம் குரலுக்குரிய மெட்டு மட்டுமே இருக்கும். 1575இல் தாமஸ் டாலிசும் வில்லியம் பேர்டும் வெளியிட்ட 34 இலத்தீன் பாடல்கள் ஆறு தனித்தனி ஏடுகளாகவே அச்சேறின. அவற்றுள் எதனைப் புரட்டினும் பாட்டு அங்கு இராது. பாட்டின் ஒரு பங்கே இருக்கும். ஏடேந்தியவர் அனைவரும் கூடி நின்று பாடினாலன்றிப் பாட்டு என்பதே இல்லை.

டாலிசின் வாழ்வும் எளிதானதன்று. எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, முதலாம் எலிசபெத் ஆகிய நால்வர் ஆட்சியையும் கண்டவர் அவர். அரசு மாறுந்தோறும் வழிபாட்டு நெறியும் மொழியும் மாறின. 1540இல் வால்தம் துறவிமடம் மூடப்பட்டபோது அவர் பணியிழந்தார். பின்னர் அரசவைச் சிற்றாலயத்தில் அமர்ந்து, இலத்தீன், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் இசையமைத்தார். ஐந்து குரல் கொண்ட எட்டுக் குழுக்களுக்கென, நாற்பது தனி மெட்டுகளால் அவர் நெய்த பாடல் இன்றும் இசைவாணரை மலைக்க வைக்கின்றது. 1585இல் அவர் மறைந்தார்.

அடுத்த நூற்றாண்டில் சுவை மாறிற்று. கருவி துணைநிற்க ஒரு குரல் முன்னின்று பாடும் இசை ஓங்கியது. துறவிமடங்களோடு எத்தனையோ ஏடுகள் முன்னரே அழிந்திருந்தன. எஞ்சியவை நூலகங்களில் உறங்கின. விண்ட்சர் சிற்றாலயப் பாடகர் ஜான் பால்டுவின் படியெடுத்த ஏடுகள் ஆக்ஸ்போர்டில் உள்ளன. ஆறாக இருந்தவற்றுள் ஐந்தே இன்று உண்டு. ஆண்களின் உயர்குரலுக்குரிய ஏடு தொலைந்துவிட்டது. வேறு படி கிடைக்காத பாடல்களில் அக்குரலை ஆய்வாளரே புனைந்து சேர்க்க வேண்டியுள்ளது. நூறு ஆண்டுக்கால உழைப்பு ஓர் ஏட்டின் இழப்பால் ஊனமுறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

உறங்கிய ஏடுகளை எழுப்பியவர் பலர். 1901 முதல் 1924 வரை வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ரிச்சர்டு டெரி இப்பாடல்களை வழிபாட்டில் மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1920களில் டியூடர் காலத் திருச்சபை இசை பத்துத் தொகுதிகளாக அச்சேறியது. அதன்பின், 1973இல், ஆக்ஸ்போர்டு மாணவராயிருந்த பீட்டர் பிலிப்ஸ், கல்லூரிச் சிற்றாலயங்களிற் பாடிப் பழகிய இளைஞரைத் திரட்டி ஒரு குழு அமைத்தார். டாலிசின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதுவே டாலிஸ் ஸ்காலர்ஸ்.

பெரும்பாலும் பத்துப் பேர். ஒரு மெட்டுக்கு இருவர். கருவித்துணை இல்லை. அன்று சிறுவர் பாடிய உச்சக் குரலை இங்கே பெண்கள் பாடுகின்றனர். ‘இது பழமைக்கு மாறன்றோ?’ எனக் கேட்பார் கேட்கலாம். அன்றைய ஒலியை நமக்குக் காட்டும் பதிவு எதுவும் இல்லை. ஆதலின் பழமையை நடிப்பதைவிட, ஒவ்வொரு மெட்டும் தெளிவாகக் கேட்குமாறு பாடுவதையே இக்குழு தன் கடனாகக் கொண்டது. குரல் நடுங்காமல், ஒருவர் மற்றவரை மறைக்காமல் பாடுவது எத்துணை அருமை என்பதைக் கூடிப் பாடியவரே அறிவர்.

முயற்சி வீண்போகவில்லை. ழோஸ்கான் என்னும் பிளாண்டர்ஸ் மரபு இசைமேதையின் பாடல்களைப் பதிவு செய்த இசைத்தட்டுக்கு 1987இல் ‘கிராமபோன்’ இதழ் அவ்வாண்டின் சிறந்த பதிவு என்னும் விருதை வழங்கிற்று. 1994இல் உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில், மைக்கலாஞ்சலோ ஓவியங்கள் புதுப்பிக்கப்பட்ட விழாவில் இக்குழு பாடியது. அச்சிற்றாலயப் பாடகருள் ஒருவராக ழோஸ்கான் தாமே ஒரு காலத்தில் பணியாற்றியவர் என்பது நினைக்கத்தக்கது. அவருடைய பூசைப் பாடல் தொகுதிகள் பதினெட்டையும் பதிவு செய்யும் பெரும்பணி 2020இல் நிறைவெய்தியது.

சங்கம் என்னும் சொல்லுக்குக் கூட்டம் என்பது பொருள். ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் ஒரு பாட்டிக்குத் தாலாட்டு நினைவிருக்கும், மற்றொருவருக்குக் கும்மி, இன்னொருவருக்குத் திண்ணையில் கேட்ட கதைப்பாடல். ஒவ்வொருவரும் ஓர் ஏடு. தனித்திருந்தால் அவை பங்குகளே. ஓர் ஏடு தொலையுமுன் கூடிப் பாடுதல் நம் கடனன்றோ?